சுவிசேஷங்களை வரலாறாக எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி இது: “நான்கு சுவிசேஷங்களும் இயேசு இறந்து பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை என்கிறார்கள். எழுதியவர்கள் அவரை நேரில் பார்த்தவர்களே இல்லை என்றும் சொல்கிறார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் எல்லாவற்றையும் திருத்திவிட்டார்கள் என்றும் படித்தேன். அப்படியானால் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி நமக்கு உண்மையில் ஏதாவது தெரியுமா?”

இதில் முதலாவது சரி. இரண்டாவதும் பெரும்பாலும் சரிதான். மூன்றாவது தவறு. கடைசியில் கேட்டதற்கு “தெரியும், கணிசமாகவே தெரியும்” என்பது என் பதில். ஆனால் சுவிசேஷங்களை நம்பலாமா கூடாதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒரே பக்கத்தில்கூடக் கெட்டியான செய்தியும் ஆட்டம் காணும் செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சந்தையில் தேங்காய் வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் மூன்று சாஸ்திரிகளில் (பிள்ளை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளில்) ஒருவன். ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம், அம்மாவின் பட்டுச்சேலைதான் அங்கி. பக்கத்திலேயே மேய்ப்பர்கள் போர்வை போர்த்திக்கொண்டு நிற்பார்கள். மேய்ப்பர்கள் லூக்காவில் மட்டும் வருகிறார்கள், சாஸ்திரிகள் மத்தேயுவில் மட்டும் வருகிறார்கள், அவர்கள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவே இல்லை என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. நம்மில் பெரும்பாலோர் நான்கு புத்தகங்களைப் படிப்பதில்லை. நான்கையும் கலந்து மனதுக்குள் ஐந்தாவதாக ஒன்றைச் செய்துவைத்துக்கொண்டு அதைத்தான் படிக்கிறோம். வரலாற்றுக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் முதல் வேலை அந்த ஐந்தாவதை ஓரமாக வைப்பது.

அடுத்து, நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்து எதுவென்று பார்க்க வேண்டும். புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதலில் மத்தேயு வருவதால் அதுதான் பழையது என்று தோன்றும். உண்மையில் பவுலின் கடிதங்கள்தான் முந்தியவை. இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 அல்லது 33. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறக்குறைய 50இல் எழுதப்பட்டது. இந்தக் கணக்குக்கு ஒரு கல் ஆதாரம் உண்டு. பவுல் கொரிந்துவில் கல்லியோன் என்ற ரோம அதிகாரியின் முன் நிறுத்தப்பட்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. கிரேக்கத்தின் தெல்பியில் கிடைத்த கல்வெட்டை வைத்து அந்தக் கல்லியோன் பதவியில் இருந்த காலத்தை 51, 52 என்று குறிக்க முடிகிறது.

பவுல் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி மிகக் கொஞ்சமாகத்தான் சொல்கிறார். யூதராகப் பிறந்தவர், சகோதரர்கள் இருந்தார்கள், பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு இருந்தது, காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார், சிலுவையில் அறையப்பட்டார், அடக்கம் செய்யப்பட்டார். உவமை இல்லை, கலிலேயா இல்லை, கானாவூர் கல்யாணம் இல்லை. ஆனால் கலாத்தியருக்கு எழுதும்போது போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். தான் மனம் மாறி மூன்று வருஷம் கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் பார்த்ததாகவும் எழுதுகிறார். இது பொய்யில்லை என்று தேவன்மேல் ஆணையிடாத குறையாகச் சொல்கிறார். இத்தனைக்கும் அவருக்கும் பேதுருவுக்கும் ஒத்துப்போகவில்லை. அதே கடிதத்தின் அடுத்த அதிகாரத்தில் அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு நேராக எதிர்த்ததைச் சொல்கிறார். இயேசு என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று வாதிடுகிறவர்கள் கடைசியில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஒருவருடைய கூடப்பிறந்தவரை நேரில் பார்த்துப் பேசியவர், பிடிக்காத ஆட்களைப் பற்றிச் சண்டைபோடும் கடிதத்தில் அதைக் குறிப்பிடுகிறார். பழங்கால வரலாற்றில் இதைவிட நெருக்கமான சாட்சி அபூர்வம்.

சரி, சுவிசேஷங்களுக்கு வருவோம். நான்கிலும் எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. “மத்தேயு எழுதிய” என்பதெல்லாம் பின்னால் வந்த தலைப்பு. 150 வாக்கில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் இவற்றை “அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகள்” என்கிறாரே தவிர நான்கு பெயர்களைச் சொல்வதில்லை. 180 வாக்கில் கிறிஸ்தவப் பேராயர் ஐரேனியஸ்தான் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நான்கையும் பெயரோடு சொல்கிறார். அதற்கு முன்பு, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எராப்போலி ஊரின் கண்காணியாக (பேராயராக) இருந்த பப்பியாஸ் சொன்ன ஒரு குறிப்பு உண்டு. மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்து, நினைவில் இருந்ததைச் சரியாக, ஆனால் வரிசைப்படி இல்லாமல் எழுதினார் என்பது அந்தக் குறிப்பு. பப்பியாஸின் புத்தகம் தொலைந்துவிட்டது. நான்காம் நூற்றாண்டில் சபை வரலாறு எழுதிய யூசிபியஸ் எடுத்துக்காட்டியதால் இந்த வரிகள் தப்பின.

மாற்கு பேதுருவிடம் கேட்டு எழுதியிருக்கலாம். இல்லை என்று நிரூபிக்க முடியாது. மத்தேயு விஷயத்தில்தான் இடிக்கிறது. மாற்குவில் இருக்கும் செய்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவிலும் இருக்கிறது, பல இடங்களில் கிரேக்கச் சொல்லுக்குச் சொல் அப்படியே. இரண்டு மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் எப்படிக் காப்பியைப் பிடிப்பார்? சரியான விடை ஒத்துப்போவதை வைத்துப் பிடிக்க மாட்டார், விசித்திரமான இடங்கள் ஒத்துப்போவதை வைத்துத்தான் பிடிப்பார். மாற்கு 13ஆம் அதிகாரத்தில் இயேசு ஒலிவமலையில் உட்கார்ந்து சீஷர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் “வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்” என்று வருகிறது. பேச்சில் ஏது வாசிக்கிறவன்? எழுதியவர் வாசகருக்குக் கண்சிமிட்டுகிறார். மத்தேயு 24ஐத் திருப்பினால் அதே இடத்தில் அதே கண்சிமிட்டல். இன்னொன்று: மத்தேயு 9இல் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சி, மாற்குவில் லேவியை அழைக்கும் காட்சியின் நகல். அந்த மத்தேயுவே எழுதியிருந்தால் தன் வாழ்க்கையையே மாற்றிய நாளை, அங்கே இல்லாத ஒருவர் எழுதியதைப் பார்த்தா எழுதுவார்? ஆகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் மாற்குவை 70 வாக்கிலும், மத்தேயு, லூக்காவை 80, 90களிலும், யோவானை நூற்றாண்டின் கடைசியிலும் வைக்கிறார்கள். யோவானின் முடிவில் “அவனுடைய சாட்சி மெய்யென்று அறிந்திருக்கிறோம்” என்று பன்மையில் ஒரு குரல் கேட்கும். சாட்சி ஒருவர், எழுதி முடித்தவர்கள் வேறு என்பது அந்தப் புத்தகமே தரும் வாக்குமூலம்.

40 முதல் 70 வருஷ இடைவெளி. பெரிதா சிறிதா? நம் வீட்டில் ஒரு தாத்தா 40 வருஷத்துக்கு முந்திய கல்யாணச் சண்டையைச் சொல்கிறார் என்று வையுங்கள். சண்டை நடந்ததும், யார் யார் போட்டார்கள் என்பதும், எதற்காக என்பதும் பெரும்பாலும் சரியாக இருக்கும். யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பது பெரியப்பா சொல்வதில் ஒரு மாதிரியும் அத்தை சொல்வதில் வேறு மாதிரியும் இருக்கும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வசனம் கொஞ்சம் கூர்மையாகும். பழங்கால வரலாற்றாசிரியர்கள் இதை ஒளிக்கவும் இல்லை. கேட்ட பேச்சை வார்த்தை பிசகாமல் நினைவில் வைப்பது கடினம், அந்தச் சூழ்நிலைக்குப் பொருத்தமானதையே எழுதினேன் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தன் நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கெத்செமனேயில் இயேசு தனியாக ஜெபித்த வார்த்தைகளை மாற்கு தருகிறார். சீஷர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்றும் அவரே சொல்கிறார். அப்புறம் கேட்டது யார்? அந்தக் காலத்து எழுத்தில் இது மோசடி அல்ல, வழக்கம். மகா அலெக்சாண்டரைப் பற்றி நம்மிடம் இருக்கும் சிறந்த வரலாறு, ஆரியன் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதியது, அலெக்சாண்டர் செத்து 400 வருஷத்துக்கும் மேல் கழித்து வந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது தட்டிப் பார்க்கும் வேலை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஞானஸ்நானம். மாற்குவில் அது இரண்டு வரி: இயேசு நாசரேத்தூரிலிருந்து வந்தார், யோர்தானில் யோவான் ஸ்நானகனால் (சுவிசேஷத்துக்குப் பெயர் தந்த யோவான் வேறு) ஞானஸ்நானம் பெற்றார். அந்த ஞானஸ்நானம் எதற்கு? பாவமன்னிப்புக்கென்று மாற்குவே சற்று முன்பு சொல்லியிருக்கிறார். அப்படியானால் இயேசுவுக்கு என்ன பாவம்? ஞானஸ்நானம் கொடுத்தவர்தானே பெரியவர்? இந்தக் கேள்விகள் ஆதிச் சபையை நிச்சயம் குடைந்திருக்கும். மத்தேயுவில் பாருங்கள், யோவான் “நான் உம்மாலே ஞானஸ்நானம் பெறவேண்டியதாயிருக்க, நீர் என்னிடத்தில் வரலாமா” என்று தடுக்கிறார், இயேசு சமாதானம் சொல்கிறார். லூக்காவில் ஏரோது அந்திப்பா யோவானைச் சிறையில் அடைத்த செய்தி முதலில் வந்துவிடுகிறது, அதற்குப் பிறகுதான் இயேசு ஞானஸ்நானம் பெற்றார் என்று வருகிறது, கொடுத்தவர் யார் என்றே அந்த வரியில் இல்லை. நான்காம் சுவிசேஷத்தில் யோவான் இருக்கிறார், யோர்தான் இருக்கிறது, ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், ஞானஸ்நானம் மட்டும் காணோம்.

மாற்குவுக்குப் பின் வந்த மூன்று பேரும் ஒரே செய்தியைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறார்கள், யாராலும் அதை முழுசாகத் தாண்ட முடியவில்லை. இட்டுக்கட்டிய கதைக்காக யாரும் இவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். யோவான் ஸ்நானகனிடம் இயேசு ஞானஸ்நானம் பெற்றது நடந்த சம்பவம் என்று கிறிஸ்தவர், யூதர், நாத்திகர் என்ற பேதமில்லாமல் ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்வதற்கு இதுவே காரணம். அதே சமயம், மத்தேயுவில் வரும் அந்த உரையாடல் நடந்ததா? அதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். எழுதியவர் எங்கே நெளிகிறாரோ அங்கே அடியில் ஒரு உண்மை குத்திக்கொண்டிருக்கிறது. அந்த நெளிவைச் சரிசெய்ய எதைச் சேர்க்கிறாரோ அதில்தான் சந்தேகம் வைக்க வேண்டும்.

இதே அளவுகோலைப் பிறப்புக் கதைமேல் வையுங்கள். லூக்காவின்படி யோசேப்பும் மரியாளும் நாசரேத்தில் குடியிருக்கிறார்கள். ரோமப் பேரரசர் அகுஸ்து இராயனின் கட்டளைப்படி குடிமதிப்பு எழுதப் பெத்லகேமுக்குப் போகிறார்கள், பிள்ளை பிறக்கிறது, தேவாலயச் சடங்குகள் முடிந்ததும் நாசரேத்துக்குத் திரும்புகிறார்கள். மத்தேயுவில் குடிமதிப்பு இல்லை, முன்னணை இல்லை. சாஸ்திரிகள் ஒரு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைப் பார்க்கிறார்கள். பிறகு குடும்பம் எகிப்துக்கு ஓடுகிறது, ராஜாவான பெரிய ஏரோது (அந்திப்பாவின் தகப்பன்) செத்தபின் யூதேயாவுக்குப் போகப் பயந்து நாசரேத்தில் வந்து குடியேறுகிறது. ஒட்டவைக்க நிறையப் பேர் முயன்றிருக்கிறார்கள். ஒட்டின இடம் தெரியாமல் இன்னும் யாரும் ஒட்டவில்லை.

குடிமதிப்பு விஷயத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. சீரியாவில் சிரேனியு தேசாதிபதியாக இருந்தபோது அது நடந்தது என்கிறார் லூக்கா. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் அந்தக் குடிமதிப்பைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். ஏரோதின் மகன் அர்கெலாயுவை ரோமர் நீக்கிவிட்டு யூதேயாவை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது வரி போடுவதற்காக எடுத்தது அது. வருஷம் கி.பி. 6. பெரிய ஏரோது செத்ததோ கி.மு. 4. ஏரோதின் நாட்களிலும் சிரேனியுவின் குடிமதிப்பிலும் ஒரே பிள்ளை பிறக்க முடியாது, நடுவில் ஒன்பது பத்து வருஷம் நிற்கிறது. கலிலேயா அப்போது ஏரோது அந்திப்பாவின் கையில் இருந்ததால் நாசரேத்துக்காரருக்கும் யூதேயாவின் வரிக்கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. வரிக்கணக்கு என்பது சொத்து இருக்கும் இடத்தில் எடுப்பது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய மூதாதையின் ஊருக்கு எல்லாரையும் நடக்கவைத்தால் எந்த அரசு தாங்கும்? சிரேனியு அதற்கு முன்பும் ஒருமுறை சீரியாவை ஆண்டிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏரோதின் கடைசி வருஷங்களில் சீரியாவை ஆண்டவர்கள் சத்துர்நீனு, வாரு என்று யோசேபஸ் பெயரோடு சொல்லியிருப்பதால் அதற்கு இடமில்லை.

லூக்கா ஏன் இதைக் கொண்டுவந்தார்? அவர் கையில் ஒரு அசௌகரியமான செய்தி இருந்தது. இயேசு நாசரேத்துக்காரர் என்று ஊருக்கே தெரியும். மேசியா (யூதர் எதிர்பார்த்த மீட்பர்) வரவேண்டியதோ தாவீதின் ஊரான பெத்லகேமிலிருந்து. “நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா” என்று நாத்தான்வேல் கேட்பது அந்தக் காலத்து நக்கல். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு ஒரு வழி வேண்டும். மத்தேயு ஒரு வழி கண்டார், லூக்கா வேறு வழி கண்டார். ஆகவே குடிமதிப்பு லூக்கா சொல்கிறபடி நடந்திருக்க முடியாது என்பதும், நாசரேத்து உண்மையான ஊர்தான் என்பதும் ஒரே ஆதாரத்திலிருந்து கிடைக்கின்றன. பெத்லகேமில் பிறந்தது உண்மையா என்று கேட்டால், என் கணிப்பில் சந்தேகம்தான் அதிகம்.

சுவிசேஷங்களின் பின்னணிச் செய்திகள் பல சரியாக இருக்கின்றன. 1961இல் கடலோரச் செசரியாவில் பிலாத்துவின் பெயரும் பதவியும் பொறித்த கல் கிடைத்தது. யோவான் சொல்லும் ஐந்து மண்டபங்கள் கொண்ட பெதஸ்தா குளம் கற்பனை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், எருசலேமில் தோண்டி எடுத்தபோது அதுவும் வந்தது. பெயர்களில் இன்னும் அழகான ஆதாரம் இருக்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர் தால் இலான் அந்தக் காலத்துக் கல்லறை எழுத்து, ஆவணங்கள், நூல்கள் எல்லாவற்றிலிருந்தும் யூதப் பெயர்களைத் தொகுத்தார். பாலஸ்தீன ஆண்களில் முதலிடம் சீமோன், அடுத்தது யோசேப்பு. சுவிசேஷங்களில் எத்தனை சீமோன் பாருங்கள்: சீமோன் பேதுரு, கானானியனாகிய சீமோன், குஷ்டரோகியாகிய சீமோன், சிரேனே ஊரானாகிய சீமோன். எங்கள் சபையில் கடைக்கார சாமுவேல், வாத்தியார் சாமுவேல், கிணற்றடி சாமுவேல் என்று அடைமொழி இல்லாமல் யாரையும் கூப்பிட முடியாது. அதே நெருக்கடிதான் அங்கேயும். எகிப்திலோ ரோமிலோ உட்கார்ந்து கதை கட்டுகிறவருக்கு இந்தப் பெயர் விகிதம் தற்செயலாக அமையாது. செய்திகள் அந்த மண்ணிலிருந்து வந்தவை.

ஆனால் பின்னணி சரியாக இருந்தால் கதையும் நடந்தது என்று தாவிவிடக் கூடாது. இதற்கு நம்மோடு தொடர்புள்ள ஒரு உதாரணம் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் சீரிய மொழியில் எழுதப்பட்ட “தோமாவின் நடபடிகள்” தோமா இந்தியாவில் கொந்தபோரஸ் என்ற ராஜாவிடம் வந்ததாகச் சொல்கிறது. அப்படி ஒரு ராஜாவை வேறு யாரும் அறியாததால் வெறும் கதை என்று நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கே அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. ராஜா உண்மை, காலமும் பொருந்துகிறது. அதற்காக அதே புத்தகத்தில் வரும் பேசும் கழுதைக்குட்டியும் உண்மையாகிவிடுமா? (பரங்கிமலைக்குத் தோமா வந்தாரா என்பது வேறு பெரிய கேள்வி. இந்தப் புத்தகம் அதற்கு உதவாது.)

இயேசுவின் உபதேசங்களில் எது அவருடையது? வார்த்தைக்கு வார்த்தை என்று கேட்டால் கை விரிக்க வேண்டியதுதான். அவர் பேசியது அரமேயம், நமக்கு வந்தது கிரேக்கம். “தலீத்தாகூமி”, “எப்பத்தா”, “எலோயீ” என்று சில சொற்கள் மட்டும் மூலமொழியிலேயே ஒட்டிக்கொண்டு தமிழ் வேதாகமம் வரை வந்திருக்கின்றன. கருத்தளவில் கேட்டால் நிறையச் சொல்லலாம். விவாகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50களில் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, பிரியக் கூடாது என்பதை “நானல்ல, கர்த்தரே” கட்டளையிடுகிறார் என்கிறார். மாற்குவிலும் அதே கடுமை. மத்தேயுவில் வேசித்தனத்துக்கு மட்டும் ஒரு விலக்கு சேர்ந்துவிடுகிறது. நடைமுறையில் ஒரு சபையை நடத்திப் பார்த்தவர்கள் வைத்த விலக்கு அது என்று நினைக்கிறேன். பவுலின் அடுத்த வாக்கியம் இன்னும் முக்கியம். வேறொரு பிரச்சினைக்கு வரும்போது “கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறேன்” என்று பிரித்துச் சொல்கிறார். கர்த்தர் பெயரில் ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர் போடவில்லை.

விருத்தசேதனமும் (ஆண்களின் முன்தோலை நீக்கும் யூதச் சடங்கு) இப்படித்தான். புறஜாதியார் (யூதரல்லாதவர்) அதைச் செய்துகொள்ள வேண்டுமா என்பதுதான் முதல் தலைமுறையைப் பிளந்த சண்டை. இயேசு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக இருந்தால் பவுல் கலாத்தியரோடு அவ்வளவு மல்லுக்கட்டியிருக்க வேண்டாம். நான்கு சுவிசேஷங்களிலும் அந்த ஒரு வார்த்தை இல்லை. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் முழுதாகக் கிடைத்த தோமா சுவிசேஷத்தில் 114 வாக்குகள் இருக்கின்றன. அதில் 53ஆவது வாக்கில் சீஷர்கள் விருத்தசேதனத்தால் பயனுண்டா என்று கேட்கிறார்கள், இயேசுவும் பயனிருந்தால் பிள்ளைகள் தாயின் வயிற்றிலிருந்தே அப்படிப் பிறந்திருப்பார்கள் என்று பதில் சொல்லிவிடுகிறார். தேவைக்கேற்ற வாக்கு எப்படி முளைக்கும் என்பதற்கு இது மாதிரி. அது முதல் நான்கில் முளைக்காமல் இருந்தது அவற்றுக்குச் சாதகமான சாட்சி.

மாறாக, பாடுகளின் கதையில் (இயேசு பிடிபட்டுச் சிலுவையில் சாகும் பகுதியில்) ஒரு சாய்வு நன்றாகத் தெரிகிறது. யோசேபஸும் அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவ அறிஞர் பிலோவும் காட்டும் பிலாத்து இரக்கமில்லாதவன். சமாரியரைக் கொன்ற விவகாரத்தில்தான் 36 வாக்கில் அவன் பதவியே போனது. சுவிசேஷங்களில் அவன் தயங்குகிறான், தவிக்கிறான், மத்தேயுவில் மட்டும் தண்ணீர் வாங்கிக் கை கழுவுகிறான். ரோம சாம்ராஜ்யத்துக்குள் பிழைக்க வேண்டிய ஒரு சிறு கூட்டம் பழியை ரோமன் தலையிலிருந்து இறக்கி யூதர் தலையில் வைப்பதன் படிகள் இவை. பிற்காலத்தில் அதற்கு யூதர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. ஆனால் சிலுவை ரோமத் தண்டனை, தீர்ப்பு பிலாத்துவினுடையது என்பதை அவர்களாலும் மாற்ற முடியவில்லை.

வெளிச் சாட்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 116 வாக்கில், நீரோ கால நெருப்பைப் பற்றி எழுதும்போது, கிறிஸ்து திபேரியு ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்கிறார். கிறிஸ்தவத்தை வெறுப்போடு பேசும் பகுதி அது. யோசேபஸ் 93 வாக்கில் எழுதிய நூலில் இயேசுவைப் பற்றிய ஒரு பத்தி இருக்கிறது. அதில் “அவர்தான் கிறிஸ்து” என்றே வருகிறது. யூதராகவே வாழ்ந்து முடித்தவர் இப்படி எழுதுவாரா? யோசேபஸ் இயேசுவைக் கிறிஸ்து என்று ஏற்கவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் சொல்லியிருக்கிறார். ஆகவே கிறிஸ்தவ நகலெடுப்பாளர் யாரோ கை வைத்திருக்கிறார். முழுப் பத்தியும் போலி என்பதைவிட, உள்ளே ஒரு அசல் இருந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து. அதே நூலில் இன்னொரு இடத்தில், 62இல் பிரதான ஆசாரியன் அன்னா, “கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்” யாக்கோபைக் கல்லெறிந்து கொல்லவைத்தான் என்கிறார். பவுல் எருசலேமில் பார்த்த அதே யாக்கோபு.

கான்ஸ்டன்டைன் சங்கதி: 325இல் சபைத் தலைவர்கள் நைசியாவில் கூடியது, இயேசு பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுவின் போதனையைப் பற்றியும் ஈஸ்டர் தேதியைப் பற்றியும் பேசத்தான். எந்தச் சுவிசேஷத்தை வைப்பது என்று அங்கே முடிவெடுக்கவே இல்லை. நான்குதான் என்று ஐரேனியஸ் 140 வருஷத்துக்கு முன்பே அடித்துச் சொல்லிவிட்டார். நைசியாவுக்கு முந்திய பாப்பிரஸ் சுவடிகள் இன்று நம் கையில் இருக்கின்றன, திருத்தினால் தெரிந்துவிடும். கையெழுத்துப் பிரதிகளில் மாற்றங்கள் உண்டு, லட்சக்கணக்கில் உண்டு, பெரும்பாலும் எழுத்துப்பிழை. சில பெரியவை. மாற்கு 16:9 முதல் 20 வரையும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. திரித்துவத்தைச் சொல்லும் 1 யோவான் 5:7 பழைய தமிழ் வேதாகமத்தில் “பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி” என்று இருக்கும், கத்தோலிக்கரும் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறைத்துவிட்டார்கள் என்று ஒருவரும், சேர்த்துவிட்டார்கள் என்று மற்றவரும் சண்டைபோடும் இடம் அது. கிரேக்கப் பிரதிகளைப் பார்த்தால் சேர்த்ததுதான்.

அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். இயேசு நோய் தீர்ப்பவர், பேய் ஓட்டுபவர் என்று அவர் காலத்தவர் நம்பினார்கள் என்பது வரலாறு. எதிரிகளும் “பெயெல்செபூலை (பேய்களின் தலைவனை)க் கொண்டு ஓட்டுகிறான்” என்றார்களே தவிர ஓட்டவில்லை என்று சொல்லவில்லை. உயிரோடு எழுந்தவரைப் பார்த்ததாகச் சிலர் மிகச் சீக்கிரத்திலேயே உறுதியாகச் சொன்னார்கள் என்பதும் வரலாறு. பவுல் அந்தப் பட்டியலைக் கொரிந்தியருக்குத் தரும்போது தானும் பிறரிடம் பெற்றுக்கொண்டதாகச் சொல்கிறார், ஆகவே அது கடிதத்தைவிடப் பழையது. அவர்கள் பார்த்தது என்ன என்பதைச் சொல்ல வரலாற்றாசிரியரின் கையில் கருவி இல்லை. விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் அங்கே வேறு வேறு வழிகள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். மாற்கு 15, மத்தேயு 27, லூக்கா 23 மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, ஒத்துப்போகும் சொற்களுக்கெல்லாம் பென்சிலில் கோடு போடுங்கள். சிலுவையைச் சுமக்கப் பிடித்த சிரேனே ஊரான் சீமோன் மூன்றிலும் வருவார். மாற்குவில் மட்டும் அவர் “அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்”. இந்தப் பையன்கள் யார், ஏன் வருகிறார்கள் என்று மாற்கு சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாமல் இருந்திருக்கிறது, அவருடைய வாசகர்களுக்கு அவர்களைத் தெரியும். அதைப் பார்த்து எழுதிய மத்தேயுவும் லூக்காவும் அந்த இரண்டு பெயர்களையும் விட்டுவிட்டார்கள். அதற்குள் அந்தப் பெயர்களைக் கேட்டு “அட, நம்ம ரூப்பு” என்று சொல்ல அவர்கள் சபையில் யாரும் இல்லை.